கல் பெயர்த்து மண் மீட்ட முற்றம்

2022 ஜூலையில் ஒரு நாள் காலை, பால் வாங்கப் போன அத்தை எங்கள் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைக்குப் பெரிய மழை ஒன்றும் இல்லை, வெறும் சாரல்தான். ஆனால் முற்றம் முழுக்கப் பதித்திருந்த இன்டர்லாக் கல்லின் மேல் பச்சையாகப் பாசி படர்ந்து, எண்ணெய் தடவியது போல் இருந்தது. கட்டோடு உட்கார்ந்திருந்த அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தாயி, இந்தக் கல்லையெல்லாம் எடுத்துட்டு எனக்குக் கோலம் போட மண்ணு காமிப்பியா?"

எங்கள் வீடு புளியரையில். செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் வந்தால், மலை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து இறங்கும், ஆகஸ்ட் வரை விடாது. அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை. இரண்டு பருவமும் நனைக்கிற மண் இது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் (இன்றைய கேரளத்துப் பக்கம்) இருந்தது. அத்தையின் பேச்சிலும் வீட்டு அமைப்பிலும் அந்தச் சாயல் இன்னும் இருக்கிறது. ஓட்டுச் சாய்ப்பு, முன்னால் திண்ணை, அதற்கு முன்னால் தெருவரைக்கும் அகன்ற முற்றம். தெருப்பக்கம் 30 அடி, வீட்டிலிருந்து கேட் வரை 22 அடி.

அந்த முற்றத்தை 2017ல் நாங்கள் கல்லால் மூடினோம். சேறு இருக்காது, பார்க்கப் பளிச்சென்று இருக்கும் என்றார்கள். முதல் கோடையில் பளிச்சென்றுதான் இருந்தது. அடுத்த ஜூனில் பாசி வந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், அமில வாடையோடு ஏதேதோ ஊற்றிப் பார்த்தேன், பிரஷர் பம்பு வாடகைக்கு எடுத்து அடித்தேன். பத்தே நாளில் திரும்ப வந்துவிடும். வெயில் காலத்தில் வேறு தொல்லை: மாலை ஏழு மணிக்கும் திண்ணையில் உட்கார முடியாத அளவுக்குக் கல் அனலைக் கக்கும்.

நான் பள்ளி ஆசிரியை. மே மாத விடுமுறைதான் எனக்குக் கையில் கிடைக்கிற நேரம். அதனால் 2023 ஏப்ரல் கடைசியில் வேலையை ஆரம்பித்தோம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், மற்ற நேரத்தில் நானும் என் கணவரும். முகப்பு அழகாக இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு. தெருவில் போகிறவர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனால் மனசு நிறைந்துவிடும். ஆனால் பூச்செடிக் கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத் தீர்த்துவிட வேண்டும் என்று இந்த முறை முடிவெடுத்துக்கொண்டேன். 2017ல் அதைச் செய்யாததால்தான் எல்லாம் கெட்டது.

முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பியதும் காரணம் தெரிந்துவிட்டது. கல்லுக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு எம்-சாண்ட். அது கோடையிலும் ஈரமாக, கறுப்பாக, குளத்துச் சகதி வாசனையோடு இருந்தது. அதற்குக் கீழே மூன்று இஞ்சு கான்கிரீட். உறுதியாக இருக்கட்டும் என்று அன்றைக்கு வேலை எடுத்தவர் போட்டிருக்கிறார். கல் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் கான்கிரீட்டில் முட்டி, மணலிலேயே தங்கி, மேலே வேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கல்லின்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மணல் மேல் பதித்து, அதன் கீழே நன்றாகத் தட்டிய ஜல்லி போட்டிருந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

கான்கிரீட்டை உடைக்க பிரேக்கர் மெஷின் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் ஆனது. 660 சதுர அடிக்கு மூன்று இஞ்சு என்றால் 165 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி) இடிபாடு. நல்ல துண்டுகளைக் கேட் அருகே மேடு போட ஒதுக்கிவைத்தோம். மீதி டிராக்டரில் போனது. அப்போது நான் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். மதிலோரம் குவித்து வைத்த இடிபாட்டின் தூளும் பொடியும் அங்கேயே மண்ணோடு கலந்து கிடந்தன. அதன் விலையை ஆகஸ்டில் கொடுத்தேன், பிறகு சொல்கிறேன்.

அடுத்து மட்டம். எங்கள் தெருவில் தார் போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டிருக்கிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021ல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. கட்டும்போது தெருவைவிட ஓரடி உயரத்தில் இருந்த முற்றம் இப்போது தெருவைவிட ஐந்து இஞ்சு தாழ்வு.

இதைக் கண்ணால் சொல்ல முடியாது. கொத்தனார் அண்ணாச்சி டியூப் மட்டம் கொண்டுவந்தார். கண்ணாடி போல் தெரிகிற நீள டியூப், உள்ளே தண்ணீர். குழாயில் நேரே பிடிக்காமல், வாளியில் தண்ணீர் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையில் வாயால் உறிஞ்சி நிரப்பினார். "குழாய்ல புடிச்சா காத்து உள்ள போயிரும் டீச்சரம்மா, குமிழி ஒண்ணு இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்" என்றார். டியூப் முழுவதையும் கையால் தடவிப் பார்த்து, ஒரு சின்ன வெள்ளைக் குமிழி நடுவில் நிற்பதைக் கண்டுபிடித்து, விரலால் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றிய பிறகுதான் அளக்கவே ஆரம்பித்தார். படிக்கட்டின் ஓரத்தில் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், மறுமுனையோடு அவர் மூலை மூலையாகப் போய் மதிலில் பென்சில் கோடு போட்டார். கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று டேப்பால் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். மொத்தம் பதினான்கு இடம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நீர் தன் மட்டத்தைத் தானே தேடும்' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது கையில் நின்று காட்டியது அன்றைக்குத்தான்.

வீட்டுப் படியிலிருந்து வடகிழக்கு மூலைக்கு வாட்டம் (சரிவு) விடுவதென்று தீர்மானித்தோம். ஐந்தடிக்கு ஒரு இஞ்சு. படியிலிருந்து அந்த மூலை 26 அடி, ஆக மொத்தம் ஐந்து இஞ்சுக்குக் கொஞ்சம் அதிகம். தெருத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, கேட் அடியில் உடைத்த கான்கிரீட்டை நிரப்பி, இரண்டு பக்கமும் சரிவாக ஆறு இஞ்சு மேடு. மேட்டின் உள்பக்கம் குறுக்கே ஒரு சின்ன வாறுகால் (தண்ணீர் ஓடும் கால்வாய்), மேலே இரும்புக் கிராதி.

மூலையில் உறிஞ்சு குழி. தோண்டுவதற்கு முன் மண் குடிக்குமா என்று பார்க்க ஓரடிக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று இஞ்சு இறங்கியது. எங்கள் செம்மண்ணுக்கு அது திருப்தியான வேகம். குழியின் அளவு 4 அடிக்கு 4 அடி, ஆழம் 5 அடி. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி. கிணறும் செப்டிக் டேங்கும் பின்பக்கம் என்பதால் அந்தக் கவலை இல்லை. அடியில் கருங்கல் சக்கை, அதன்மேல் ஒன்றரை இஞ்சு ஜல்லி, பிறகு முக்கால் இஞ்சு ஜல்லி, மேலே வலை விரித்து மணல். கல்லுக்கு நடுவே இடைவெளி சுமார் 40 சதவீதம் என்று வைத்தால், குழி ஒரு நேரத்தில் 900 லிட்டர் பிடிக்கும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் எங்கள் முற்றத்தில் மட்டும் விழுவது 3,000 லிட்டர். குழி மட்டும் போதாது, முற்றமும் குடிக்கவேண்டும், மீதம் வெளியே போகவும் ஒரு வழி வேண்டும். அதற்காகக் குழியின் மேல்மட்டத்திலிருந்து தெரு வாறுகாலுக்கு ஒரு நான்கு இஞ்சு பைப். குழிக்கு முன்னால் ஒன்றரை அடித் தொட்டி ஒன்று, சகதி அதில் படிந்துவிடும். அந்தத் தொட்டியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு சட்டி வண்டல் அள்ளுகிறேன். அது இல்லாவிட்டால் அவ்வளவும் குழிக்குள் போய் ஜல்லியை அடைத்திருக்கும்.

மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டிலும் அந்த வருடம் கூரைத் தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்தோம். முற்றத்துத் தண்ணீரை யாரும் நினைக்கவில்லை.

இப்போது தரை. கல்லும் மணலும் கான்கிரீட்டும் போனதில் ஆறு இஞ்சுக்கு மேல் பள்ளம். மூன்று யூனிட் செஞ்சரளை இறக்கினோம். நான்கு இஞ்சு கனத்துக்குப் பரப்பி, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, காலையில் திமிசால் இடித்து, அதன்மேல் அடுத்த நான்கு இஞ்சு. இதில் ஈரம்தான் உயிர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடையவேண்டும். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது, அப்பளம் போல் அமுங்கினால் அதிகம். சித்தாளாக வந்த அக்காவுக்கு இதெல்லாம் கையிலேயே இருந்தது. சரளையை மிதித்துப் பார்த்தே "இன்னும் ஒரு குடம்" என்பார். கடைசியில் கொஞ்சம் புற்றுமண் சலித்துத் தூவி, அத்தை சாணி கரைத்து மெழுகினார். வலது கை மட்டும்தான் முழு பலம். இடது கை வாளியைப் பிடித்துக்கொள்ள மட்டும். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், விடவில்லை.

கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் பழைய இன்டர்லாக் கல்லையே இரண்டு பட்டையாக, இரண்டடி அகலம், பதினாறடி நீளத்துக்கு, இம்முறை தட்டிய ஜல்லியின் மேல் மணல் போட்டுப் பதித்தோம். எங்கள் கல் 60 மில்லிமீட்டர், சின்னக் கார்தான், தாங்குகிறது. பெரிய வண்டியென்றால் 80 மில்லிமீட்டர் வாங்குங்கள். நடுவில் கொரியன் புல் வைத்தேன், காய்ந்தது. தானாக வந்த அருகம்புல் நிரம்பிவிட்டது, அதையே வெட்டி வைத்துக்கொள்கிறேன்.

கேட்டிலிருந்து படிவரை நடக்கக் கருங்கல் பலகை, மேல்முகம் சொரசொரப்பாக விட்டது. பாலிஷ் கல் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், ஓரடி அகலம். எவ்வளவு இடைவெளி விடுவது என்ற பேச்சு வந்தபோது, அண்ணாச்சி தன் நடைக்கு ஒரு கணக்கு வைத்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அத்தையைக் கூப்பிட்டு, அவர் காலடியில் கோலப்பொடி தொட்டு, கேட்டிலிருந்து படிவரை எப்போதும் போல் நடக்கச் சொன்னேன். ஈரமாயிருந்த செம்மண்ணில் வெள்ளையாகப் பாதம் பதிந்துகொண்டே போனது. மூன்று முறை நடக்கவைத்து அளந்தோம். ஒரு குதிகாலிலிருந்து அடுத்த குதிகாலுக்கு 19 இஞ்சு. என் நடை 24. கல்லை 19 இஞ்சுக்கே வைத்தோம், அதாவது நடுவே ஏழு இஞ்சு மண். நான் வேகமாகப் போகும்போது சில கல்லைத் தாண்டி மிதிக்கிறேன். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தத் தடம் நேர்கோடாகவும் இல்லை. அத்தை பிச்சிக் கொடி இருந்த பக்கம் லேசாக வளைந்துதான் நடந்தார், அந்த வளைவையும் அப்படியே விட்டோம். தெருவிலிருந்து பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது அந்த வளைவைத்தான்.

பாத்திக்கு விளிம்பாக மலையாளத்துப் பக்கத்திலிருந்து வெட்டுக்கல் இறக்கினோம். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கானன், 1807ல் வெளிவந்த தன் பயணக் குறிப்பில், 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்ற பொருள். மண்ணுக்குள் இருக்கும்போது கத்திக்கு மசியும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். பாதிக் கல்லை மண்ணில் புதைத்து, பாதி வெளியே தெரிய வைத்தோம். இதன்மேலும் பாசி வருகிறது. ஆனால் யாரும் மிதிக்காத இடம், கருஞ்சிவப்பில் பச்சை படர்வது அவ்வளவு அழகு. மதிலை ஒட்டிப் பாத்தி வைக்காமல், ஓரடி அகலத்துக்கு வெறும் ஜல்லி விட்டோம். செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் மதிலில் ஏறி உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வது அதனால் நின்றது. மதிலையும் ஆறடியிலிருந்து நாலடியாகக் குறைத்துவிட்டோம். கேட்டுக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, கரும்பச்சை எனாமல் இரண்டு கோட்டு.

அந்த வருடம் வெயில் அதிகம் என்று பள்ளித் திறப்பை ஜூன் 12க்குத் தள்ளிவைத்தார்கள். எனக்கு அது பெரிய உதவி. செடி வைக்க அவகாசம் கிடைத்தது. பின்வரிசையில் மூன்றடிக்கு ஒரு செம்பருத்தி, அதற்கு முன்னால் ஒன்றரை அடிக்கு ஒரு சிவப்பு இட்லிப்பூ (அத்தை இன்னும் 'செத்தி' என்றே சொல்வார்), மூலைக்கு நந்தியாவட்டை. படிக்கு இடப்பக்கம் ஒரு பவளமல்லி. கணவாய்க் காற்று இங்கே சும்மா விடாது. அதனால் ஒவ்வொரு கன்றுக்கும் காற்று வரும் மேற்குப் பக்கம் கம்பு நட்டு, எட்டு வடிவில் சணல் முடிச்சுப் போட்டேன். பத்துமணிப்பூ மேல் எனக்கு ஆசை. வைத்தும் பார்த்தேன். எங்கள் சாரலில் தண்டு அழுகிவிடுகிறது. தொட்டியில் வைத்துச் சாய்ப்புக்குள் தள்ளிவிட்டேன்.

சாரலை நம்பி நட்டேன், ஆனால் 2023ல் கேரளத்துக்கு மழையே ஜூன் 8ல்தான் வந்தது. ஆகஸ்ட் நாடு முழுக்க வறண்டது. தினம் காலையும் மாலையும் வாளியோடு நின்றேன். அந்த ஆகஸ்டில்தான் இட்லிப்பூவின் இளந்தளிர் மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எலுமிச்சை நிறம். உரம் போதவில்லை என்று நினைத்து உரம் வைத்தேன், மாறவில்லை. பன்னிரண்டு செடியில் மதிலுக்கு அருகே இருந்த ஏழு மட்டும்தான் அப்படி. ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோது வேரோடு சிமெண்ட் பொடியும் கான்கிரீட் சில்லும் வந்தன. ஏப்ரலில் இடிபாடு குவித்த அதே இடம். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும், இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது, அதுதான் அந்த மஞ்சள். ஏழு குழியையும் ஒன்றரை அடிக்குத் தோண்டி, மண்ணை முழுக்க மாற்றி, செம்மண்ணும் இலைமக்கும் சமமாகப் போட்டு நட்டேன். இரண்டு போய்விட்டன. ஐந்து அக்டோபரில் பச்சைத் தளிர் விட்டன. கட்டட வேலைக்குப் பிறகு தோட்டம் போடுகிறவர்கள் முதலில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி எல்லாம் மிதந்த அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனாலும் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. இரவு பதினொரு மணிக்கு டார்ச்சோடு வெளியே வந்தேன். கேட் மேடு தெருத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மூலையில் கலங்கல் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. தெரு வாறுகால் நிரம்பி, நாங்கள் வெளியே விட வைத்த பைப் வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. என் கணவர் சாக்கில் மண் கட்டி, குனிந்து, பைப் வாயில் திணித்து அடைத்தார். கணுக்கால் அளவு தண்ணீர் மூலையில் நின்றது. ஒவ்வொரு கல்பலகையாக மூழ்குவதை எண்ணிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டிலிருந்து நான்காவது கல்லோடு நின்றது. ஐந்து இஞ்சு வாட்டம் படிவரை விடவில்லை. விடியும்போது மூன்று கல் வெளியே வந்திருந்தது, மதியம் முற்றத்தில் தண்ணீர் இல்லை.

ஜனவரியில் அந்தப் பைப்பின் முனையில் ஒரு பக்கமாக மட்டும் திறக்கிற மூடி வால்வு போட்டோம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து வந்தால் மூடிக்கொள்ளும். இதை முதலிலேயே போட்டிருக்கவேண்டும். தெரு உயர்ந்துவிட்ட வீடுகளுக்கு இது கண்டிப்பாகத் தேவை. மாதம் ஒரு முறை மூடியைத் தூக்கி, சிக்கிய இலையை எடுத்துவிட வேண்டும்.

மறு வருடம் சாரலில் சரளைத் தரை வழுக்கவில்லை. முதல் மழைக்கு இரண்டு இடத்தில் கரைந்து சின்ன ஓடை விழுந்தது, சரளை போட்டு இடித்துச் சரிசெய்தேன். வருடா வருடம் மே மாதம் அரை நாள் இந்த வேலை இருக்கத்தான் செய்யும். கல் பதித்தால் இந்த அரை நாள் இல்லை என்பது உண்மை. எனக்கு அந்த அரை நாள் பெரிதாகத் தெரியவில்லை.

பவளமல்லி இப்போது மதிலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. புரட்டாசியில் விடிவதற்குள் பூ உதிர்ந்து கிடக்கும். கல் முற்றமாக இருந்தால் கூட்டித் தள்ளியிருப்போம். அத்தை ஐந்து மணிக்கு எழுந்து, பூ விழாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்து, கல்பலகை ஒன்றில் காலும் மண்ணில் கையுமாகக் குனிந்து புள்ளி வைப்பார். நேற்று பதினொரு புள்ளி. கேட் பக்கம் இன்னொரு பவளமல்லி வைக்கலாமா என்று கேட்டார். பைப்பிலிருந்து ஆறடி தள்ளி இடம் குறித்து வைத்திருக்கிறேன், ஜூனில் நடவேண்டும்.